டொராண்டோ: விருதுக்கு முன்னால் வரவேண்டிய பணம்

டொராண்டோவில் ஆஸ்குட் சப்வே நிலையத்திலிருந்து மேலே ஏறி, குயின் தெருவில் மேற்கு நோக்கி ஐந்து நிமிடம் நடந்தால், ஜான் தெரு முனையில் வெளிறிய நிறத்தில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. கதவு எண் 299. மெதடிஸ்ட் திருச்சபை தன் பதிப்பகத்துக்காக 1913 முதல் 1915 வரை கட்டியது. முகப்பெங்கும் சுடுமண் வேலைப்பாடு. அண்ணாந்து பார்த்தால், புத்தகம் வாசிப்பவர்களும் ஏடு எழுதுபவர்களுமாகச் சின்னச் சின்ன விநோத உருவங்கள் தெரியும். கிழக்குச் சுவரில் இதற்கு முற்றிலும் பொருந்தாத வேறொரு காட்சி: தொலைக்காட்சிச் செய்தி வண்டி ஒன்று சுவரைப் பிளந்துகொண்டு வெளியே பாய்வதுபோல் பொருத்தப்பட்டிருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அந்த வண்டியைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இசைக் கலைஞர்களுக்கு இந்த முகவரி வேறு காரணத்துக்காக முக்கியம். கனடாவின் இசைத் தொலைக்காட்சியான மச்மியூசிக் 1980களின் பிற்பகுதியிலிருந்து இங்கிருந்துதான் இயங்கியது. இசைக் கம்பெனி ஆதரவில்லாத ஒரு பாடகருக்கு விருதுகளால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்பதை விளங்கிக்கொள்ள இந்தத் தெருமுனையைவிடப் பொருத்தமான இடம் வட அமெரிக்காவில் எனக்குத் தெரிந்து இல்லை.

மச்மியூசிக் 1984 ஆகஸ்ட் 31 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் எம்டிவி தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எம்டிவி தன் முதல் வீடியோ விருது விழாவை நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் நடத்தியதும் அதே 1984 செப்டம்பரில்தான். இரண்டு நாடுகளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அமெரிக்கச் சானலுக்குப் பெரிய இசை நிறுவனங்கள் வீடியோக்களை எடுத்துக் கொடுத்தன. பத்தில் ஒரு பங்கு மக்கள்தொகை உள்ள கனடாவில், உள்ளூர்க் குழுக்களுக்கு வீடியோ எடுக்கப் பணம் கிடையாது. ஒளிபரப்பில் உள்ளூர் இசைக்கு இடம் தரவேண்டும் என்பதோ சட்டம். ஒளிபரப்ப வீடியோ இல்லையென்றால் சட்டத்தை எப்படி நிறைவேற்றுவது? ஆகவே ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசியின் உரிம நிபந்தனைப்படி, சானல் தன் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி வீடியோ தயாரிப்புக்குக் கொடுத்தது. அதற்காக அமைந்த நிதியின் பெயர் வீடியோஃபேக்ட், பிற்காலத்தில் மச்ஃபேக்ட். பாடலும் வீடியோத் திட்டமும் வைத்து விண்ணப்பித்தால், தேர்வாகிறவர்களுக்கு எடுக்கும் செலவில் ஒரு பகுதி கிடைக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிரக்கணக்கான வீடியோக்கள் இந்தப் பணத்தில் உருவாயின.

1990இல் சானல் தன் விருதுகளையும் தொடங்கியது. விழாவின் அடையாளமே குயின் தெருதான். போக்குவரத்தை நிறுத்திவிட்டு, கட்டடத்தை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்திலும் தெருவிலும் மேடை போட்டு, ரசிகர்கள் நடுவே நடத்துவார்கள். சுயாதீனமாக எடுக்கப்பட்ட வீடியோவுக்கென்றே தனிப் பரிசும் இருந்தது. இந்த அமைப்பை உற்றுக் கவனிக்க வேண்டும். எடுக்கப் பணம், எடுத்ததைக் காட்டச் சானல், சிறந்ததைப் பாராட்ட விருது என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு சிற்றூர்க் குழு நிதி வாங்கி வீடியோ எடுத்து, அது சானலில் ஓடி, அடுத்த கோடையில் பரிந்துரைப் பட்டியலில் வந்தால், ஊர் ஊராக நிகழ்ச்சி வாய்ப்புகள் கூடும். அந்தப் பட்டியலில் பெயர் வந்தது மதிப்புமிக்க விஷயம்தான். ஆனால் அந்த மதிப்பு முதலில் வந்த பணத்தாலும் நடுவில் கிடைத்த ஒளிபரப்பாலும் உண்டானது. விருதை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் வைத்தால் அது வெறும் உலோகம். என் வாதம் இதுதான்: ஒரு விருது சுயாதீனக் கலைஞருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பது, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கான சான்றை அந்தக் கட்டடத்தின் பிற்கால வரலாறே தருகிறது. இணையம் வந்தபின் இசைச் சானல்கள் எங்கும் தளர்ந்தன. மச்மியூசிக் கைமாறிக் கைமாறி 2011இல் பெல் நிறுவனத்திடம் போனது. இரண்டு ஆண்டுகளில் பெயரிலிருந்து மியூசிக் என்பதையே எடுத்துவிட்டு வெறும் மச் ஆனது. 2017 மே மாதம் சிஆர்டிசி உரிமங்களைப் புதுப்பித்தபோது, நிதிக்குப் பணம் கொடுக்கும் கட்டாயத்தை நீக்கியது. அந்த ஆண்டிலேயே மச்ஃபேக்ட் மூடப்பட்டது. இசைத்துறையினர் எதிர்த்தார்கள், அரசு அந்த முடிவுகளை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் பழைய நிதி பழைய வடிவத்தில் திரும்பவில்லை. விருது விழா மட்டும் வானொலி நிறுவனம் ஒன்றின் பெயரைச் சேர்த்துக்கொண்டு 2018 வரை நடந்தது. அதன்பின் அதுவும் நின்றது. நிதி போனதால்தான் விழா நின்றது என்று நான் சொல்லவில்லை. விளம்பர வருவாய், பார்வையாளர் எண்ணிக்கை என்று காரணங்கள் பல. ஆனால் நிதி இல்லாமல் நடந்த அந்தக் கடைசி விழாவால் ஒரு சிறு கலைஞருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள் பாடுவதைத் தெருவில் நின்று பார்க்கும் வாய்ப்பைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அங்கிருந்து ஜான் தெருவில் தெற்கே இறங்கினால் சில நிமிட நடைதான். ரிச்மண்ட், அடிலெய்ட் தெருக்களைக் கடந்தால் கிங் தெரு முனையில் டிஃப் லைட்பாக்ஸ். டொராண்டோ திரைப்பட விழாவின் நிரந்தர இல்லம், 2010இல் திறக்கப்பட்ட கண்ணாடி மாளிகை. ஒரு சானல் விட்டுப்போன இடத்தை நிரப்ப முயன்ற இன்னொரு விருதின் விழா இங்கே நடந்திருக்கிறது. லூயி கலாப்ரோ 2012இல் நிறுவி, 2013இல் முதன்முறை வழங்கப்பட்ட பிரிசம் பரிசு அது. நூற்றுக்கும் மேற்பட்ட இசை, திரைத்துறையினரும் பத்திரிகையாளர்களும் நடுவர்கள். ஆண்டின் கனடிய வீடியோக்களிலிருந்து முதலில் இருபது, பிறகு பத்து, கடைசியில் ஒன்று என்று வடிகட்டுவார்கள். பார்வை எண்ணிக்கைக்கோ விற்பனைக்கோ அதில் இடமில்லை. வெறும் 5,000 டாலரில் தொடங்கிய பரிசுத்தொகை பின்னாளில் 20,000 டாலராக உயர்ந்தது. துணைப் பரிசுகளில் ஒன்றுக்கு, தேசியத் திரைப்பட வாரியத்தில் துண்டு ஃபிலிம்களைச் சேர்த்து ஒட்டியே மறக்கமுடியாத குறும்படங்கள் செய்த ஆர்தர் லிப்செட்டின் பெயரை வைத்தார்கள். பெரும் செலவில்லாமல் கலை செய்தவரின் பெயரில் ஒரு பரிசு என்பதே, இந்த விருதை ஏற்படுத்தியவர்கள் யாரை மனதில் வைத்திருந்தார்கள் என்று காட்டுகிறது.

முதல் ஆட்சேபம் இங்கேயே எழும். வீடியோ விருது பாடகருக்கானதா, இயக்குநருக்கானதா? பிரிசம் பரிசின் முதல் வெற்றி, ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ரிச் ஆகோய்ன் என்ற சுயாதீனக் கலைஞரின் பாடலுக்கு நோவா பிங்க் இயக்கிய வீடியோவுக்குக் கிடைத்தது. நோவா பிங்க் பிற்பாடு நேஷனல் ஜியாகிரபிக் சானலுக்காக ஐன்ஸ்டீன் வாழ்க்கையைச் சொன்ன ஜீனியஸ் தொடரை உருவாக்கினார். 2023இல் வெளியான டெட்ரிஸ் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். இயக்குநரின் பாதை எங்கு போகிறது என்பது தெளிவு: இசை வீடியோ அவருக்குப் பெரிய திரைக்கான நுழைவு. பாடகருக்கு அப்படி ஓர் ஏணி கிடையாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து பாடகருக்கு லாபமே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. ஊதியம் கொடுக்க முடியாத ஒரு பாடகரிடம் திறமையான இளம் இயக்குநர் ஏன் வரவேண்டும்? தன் வேலை கவனிக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால் வருவார். அந்த நம்பிக்கையை உண்டாக்குவது இத்தகைய விருதுகளே. ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் குறைந்த கூலிக்கு இரண்டு இரவுகள் கூடுதலாக உழைக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், அந்த உழைப்பின் பலன் பாடகரின் வீடியோவில்தான் சேர்கிறது. கூலி குறைவாகக் கொடுப்பதற்கு இது சாக்காகிவிடவும் கூடும். எடுக்கும்போதே பணம் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் காரமானது: சிறியவர்களுக்கென்று சொல்லிக்கொள்ளும் பரிசுகளும் பெரியவர்களிடமே போய்ச் சேர்கின்றன. 2014இல் பிரிசம் பரிசு, ஆர்கேட் ஃபயர் குழுவின் பாடலுக்கு எமிலி காய் பாக் இயக்கிய வீடியோவுக்குப் போனது. 2011லேயே ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கி, பெரிய அரங்குகளை நிரப்பிய குழு அது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் தகுதியை மட்டும் பார்க்கும் நடுவர் குழு, புகழ் இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல வேலையைத் தள்ளவும் முடியாது. தவிர, எமிலி காய் பாக் அதற்கு முன் மாண்ட்ரியல் விளையாட்டரங்கக் கூட்டத்துக்கு நடுவே பாடகி கிரைம்ஸை வைத்துச் சிக்கனமாக எடுத்த வீடியோவால்தான் கவனம் பெற்றார். சிறு வேலையிலிருந்து பெரிய வேலைக்கு வந்தவர். முதலிடத்துக்கு வந்தவரை விடுங்கள்; இருபது பேர் கொண்ட பட்டியலைப் பாருங்கள் என்பது என் பதில். இருபதில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் பொதுமக்களுக்குப் புதியவையாக இருந்தால் விருது தன் வேலையைச் செய்திருக்கிறது. நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் பத்திரிகை ஆசிரியரும் புதியவர்களைத் தேடும்போது கையில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். அடுத்த முறை நிதிக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் எழுத ஒரு வரியும் கிடைக்கிறது. ஒரு சுயாதீனக் கலைஞரின் வாழ்க்கையில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் எடையை, கம்பெனியின் நிழலில் இருப்பவர்கள் உணர்வது கடினம்.

யூடியூப் இருக்கும்போது விருது எதற்கு என்ற கேள்விதான் இளைஞர்களிடம் அதிகம். வீடியோவை ஏற்றுகிறோம், பிடித்தால் மக்கள் பார்க்கிறார்கள், நடுவில் நடுவர் எதற்கு? ஓகே கோ என்ற அமெரிக்கக் குழுவின் அனுபவம் இதற்கு ஒரு பதில். ஓடுபொறிகள்மேல் நால்வரும் ஒத்திகை பிசகாமல் ஆடிய அவர்களது வீடியோ 2006இல் இணையமெங்கும் பரவியது. 2007இல் கிராமியும் வாங்கியது. குழுத் தலைவரின் சகோதரி நடனம் அமைத்து, கேமராவை அசைக்காமல், ஒரே மூச்சில் எடுத்தது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர்களது இசை நிறுவனம் இஎம்ஐ, வருமானக் கணக்கு பார்த்து, அவர்களது வீடியோக்களைப் பிற இணையதளங்களில் பதித்துக் காட்டும் வசதியை அடைத்தது. அந்த ஓடுபொறி வீடியோவின் பார்வைகள் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தன என்று குழுவின் பாடகரே 2010இல் பொதுவெளியில் எழுதினார். அந்த ஆண்டே குழு நிறுவனத்தைவிட்டு வெளியேறியது. இணையத்திலும் கதவு இருக்கிறது. அதன் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்பதே பாடம். இன்று அந்தச் சாவி கணினி நிரலிடம் போயிருக்கிறது. எதை யாருக்குக் காட்டுவது என்று அது எடுக்கும் முடிவுக்குக் காரணம் கேட்க முடியாது. நடுவர்கள் தவறு செய்யலாம், ஆனால் அவர்களுக்குப் பெயர் உண்டு, ரசனை உண்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு உண்டு.

விருதுகள் என்ற பெயரில் நடக்கும் வணிகத்தையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. இணையத்தில் மாதந்தோறும் விருது அறிவிக்கும் அமைப்புகள் ஏராளம். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஏதோ ஒரு பிரிவில் வெற்றி. இரண்டு இலைக்கொத்துகளுக்கு நடுவே பெயர் எழுதிய படம் மின்னஞ்சலில் வரும். திரையிடல் இல்லை, நடுவர் பெயர் இல்லை, பரிசுப் பணம் இல்லை. கேடயம் வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம். இதனால் பிழைப்பது அமைப்பாளர் மட்டுமே. கட்டணம் வாங்கினாலே மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. மண்டபம், திரை, ஆள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. லண்டனில் 2008 முதல் நடக்கும் யூகே மியூசிக் வீடியோ விருதுகளில் புதியவர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். பெர்லினில் 2013இல் தொடங்கிய இசை வீடியோ விருதுகளில் குறைந்த செலவில் எடுத்ததற்கென்று ஒரு பிரிவு; தேர்வானவை பல நாள் விழாவில் பெரிய திரையில் ஓடுகின்றன. பத்தாயிரம் செலவழித்தவரையும் பத்து லட்சம் செலவழித்தவரையும் ஒரே தராசில் நிறுத்தாத விருதுக்குக் கட்டணம் கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

மீண்டும் டொராண்டோவுக்கு வருவோம். 2018இல் பிரிசம் பரிசு வாங்கியது, சார்லட் டே வில்சன் என்ற டொராண்டோ பாடகியின் வொர்க் பாடலுக்கு ஃபான்டேவியஸ் ஃப்ரிட்ஸ் எடுத்த வீடியோ. இந்த ஊரின் சப்வேயில் போய்வருகிறவர்களுக்கு அதன் களம் பழக்கமானது. எஸ்கலேட்டரில் பெண்கள் ஏறி வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. நட்சத்திரம் இல்லை, அலங்கார அரங்கு இல்லை. மெதுவாக மேலேறும் படிக்கட்டு, அதில் நின்றபடி நேரே பார்க்கும் முகங்கள், முதியவரும் இளையவருமாக வேலை பார்க்கும் நகரத்துப் பெண்கள். கேமராவுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுக்கிறது. பரிசு கிடைத்தபின் பாடகியும் இயக்குநரும் செய்த காரியம்தான் என்னை மிகவும் கவர்கிறது. பரிசுப் பணத்தைத் தங்களுக்கென வைத்துக்கொள்ளாமல், வளர்ந்துவரும் பெண் இயக்குநர்களுக்கான நிதியுதவியாக மாற்றினார்கள். முந்தைய ஆண்டில்தான் மச்ஃபேக்ட் மூடப்பட்டிருந்தது. எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விருது அமைப்பும் அதை உணர்ந்தது. வங்கி ஒன்றின் ஆதரவுடன் எம்விபி புராஜெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, புதிய கலைஞர்களுக்கு வீடியோ எடுக்க 15,000 டாலர் வரை முன்கூட்டியே கொடுக்க ஆரம்பித்தது. அறுவடைக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் விதைநெல்லுக்கும் வழி செய்தார்கள். வங்கிப் பணத்தை நம்பலாமா, விளம்பர நோக்கம் மாறினால் நின்றுவிடாதா என்று கேட்பார்கள். நின்றுவிடலாம். சட்டத்தால் வந்த மச்ஃபேக்டே ஓர் ஆணையால் நின்றுபோனதே. நிதிக்கு ஒரே ஒரு ஊற்றை நம்பியிருப்பதுதான் ஆபத்து. அரசும் வங்கியும் வென்ற கலைஞர்களும் தனித்தனியே கொடுத்தால் ஒன்று வற்றினாலும் மற்றது ஓடும்.

லைட்பாக்ஸிலிருந்து கிங் தெருவில் கிழக்கே நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூ நிலையம். அங்கே சப்வே ஏறி, செயின்ட் ஜார்ஜில் மாறி, கிழக்கே கடைசி நிறுத்தமான கென்னடிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கு அப்பால் ஸ்கார்பரோவுக்குள் செல்ல 1985 முதல் சிறு ரயில் ஒன்று ஓடியது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டபின் அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள். இப்போது பேருந்துதான். தமிழ்க் கடைப் பலகைகள் வரிசையாக வரும் இந்தப் பகுதிக்கும், விழாக்கள் நடக்கும் கிங் தெருவுக்கும் உள்ள தூரம் ரயில் நேரத்தில் மட்டும் அளக்கக்கூடியதன்று. ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த நகரத்தின் ஓரங்களில் ராப்பும் ஆர்&பியும் பாடி வளர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கம் வாசிக்கும் யான்சனும் சேர்ந்து வெளியிட்ட மிருதங்க ராப் வீடியோக்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மடியில் மிருதங்கம், பக்கத்தில் சொற்களைப் பொழியும் ஒருவர். அதற்குமேல் காட்சியில் ஒன்றுமில்லை. ஷான் பாடிய நீயே ஒளி 2021இல் சார்பட்டா பரம்பரை படத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் தெருக்களிலும் ஒலித்தது. நிதியும் விருதும் இல்லாமலே இது நடக்கிறதே என்று இதை எனக்கு எதிரான சான்றாகக் காட்டலாம். எளிமையான வீடியோ எடுக்க நிதி தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிமை ஒருவரின் தேர்வாக இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வீடியோவில் அவர் மனதில் இருப்பது இருபது நடனக் கலைஞர்களும் ஓர் இரவுத் தெருவும் என்றால், அதையும் எடுக்க முடிய வேண்டும். வழி கண்டவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. பாட்டு கையில் இருந்தும் வீடியோ எடுக்க முடியாமல் விட்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

டொராண்டோவில் தமிழ் விழாக்களுக்குக் குறைவில்லை. திரைப் பாடகர்களை அழைத்து நடத்தும் கச்சேரிகளுக்கும் நட்சத்திர இரவுகளுக்கும் ஆதரவு தரும் தமிழ் வணிகர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களைப் பாராட்ட விருது தரும் எண்ணமும் பலருக்கு உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விருது கொடுங்கள்; ஆனால் அதே ஆண்டில் மூன்று பாடல்களுக்காவது வீடியோ எடுக்கும் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க அமைப்புக்கு வெளியிலிருந்து நடுவர்களை அழைத்து, அவர்கள் பெயரை அறிவியுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். வென்றவரை மட்டும் மேடையேற்றாமல், தேர்வான அத்தனை வீடியோக்களையும் ஒரு மாலை முழுக்கத் திரையிட்டு, பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். ஒரு நட்சத்திர இரவின் செலவில் சிறு பங்கே இதற்குப் போதும்.